றோஸ்மலர் விலகவில்லை

ஞானேஸ்வரன் ஒரு பெட்டி லட்டோடும் இரண்டு ஆட்களோடும் வந்து கதவைத் தட்டியபோது, றோஸ்மலர் யூனிபோர்மைக்கூடக் கழற்றாமல் சோபாவில் கண்ணயர்ந்திருந்தாள். விடிய மூன்று மணிக்கு எழும்பிப் போய் பஸ் ஓட்டிவிட்டு வந்தவள். கணவர் அருளானந்தம் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். மழை, ஞானேஸ்வரனின் முழங்கால் நோ, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் கதைத்து முடிந்த பிறகுதான் அவர் விஷயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, குறை நினைக்கக் கூடாது. உம்மட துணிவை நான் மெச்சிறன். ஆனால் தமிழ் வாக்கு ரெண்டாப் பிரிஞ்சால் அந்த டெரிக்தான் திரும்பவும் வருவான். இந்த முறை விலகி நில்லும். அடுத்த முறை நானே உம்மை முன்மொழியிறன்."

"அடுத்த முறை எண்டால் நாலு வருசம், அண்ணை. எனக்கு அப்ப அம்பத்தெட்டு."

"அம்பத்தெட்டு ஒரு வயசே?"

"அப்ப நீங்கள் அடுத்த முறை நில்லுங்கோவன். உங்களுக்கு அறுபத்தாறுதானே வரும்."

கூட வந்த இருவரில் ஒருவர் சிரித்துவிட்டு, உடனேயே இருமுவது போலப் பாவனை செய்தார். ஞானேஸ்வரன் சிரிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நாற்பத்தைஞ்சு வாக்கு என்ர பொக்கெற்றிலை இருக்கு, தங்கச்சி. யோசிச்சுச் செய்யும்."

அவர் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. கிழக்கு லண்டனில் ஆஷ்வெல் என்ற அந்த வட்டாரத்தில் மே மாதம் கவுன்சில் தேர்தல். அதற்குக் கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதைக் கட்சி அங்கத்தவர்கள்தான் முதலில் தங்களுக்குள் வாக்குப்போட்டுத் தீர்மானிக்க வேண்டும். வட்டாரத்தில் அங்கத்தவர்கள் நூற்றுநாற்பது பேர். அவர்களில் ஐம்பதுக்கு மேற்பட்டோரை இரண்டு வருடங்களுக்கு முன்னரே குடும்பம் குடும்பமாகச் சேர்த்துவிட்டவர் ஞானேஸ்வரன். கடைத்தெருவில் வீடு விற்கும் ஏஜென்சி வைத்திருப்பவர். கோயில் திருவிழா, விளையாட்டுப் போட்டி, செத்தவீடு, எதுவென்றாலும் முன்வரிசையில் நிற்பவர். மூன்றாவது போட்டியாளர் டெரிக், இதே கட்சியில் பன்னிரண்டு வருடங்களாகக் கவுன்சிலராக இருக்கும் வெள்ளைக்காரர். தேர்வுக் கூட்டமொன்றில் மூவரும் பேசுவதைக் கேட்டுவிட்டு, வந்தவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையிட்டு எழுத வேண்டும். ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியாக வந்தவரை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் இரண்டாம் தெரிவை மற்ற இருவருக்கும் பிரிப்பார்கள்.

றோஸ்மலர் இதற்குள் வந்து விழுந்த கதை, அரசியல் ஆசையால் வந்ததில்லை.

தொண்ணூற்றொன்பதில் லண்டன் வந்தவள். அலுவலகங்களில் கூட்டித் துடைத்தாள், பிறகு பேக்கரியில் நின்றாள். முப்பத்தெட்டு வயதில் பஸ் ஓட்டப் பழகினாள். மூன்று தடவை சோதனையில் தவறி, நான்காம் தடவை சித்தியடைந்தாள். அவள் ஓடிய பாதை கடைத்தெருவின் முனையில் முடியும். அங்கே பஸ்ஸைத் திருப்ப ஏழு நிமிடம் கிடைக்கும். அந்த முனையில் கவுன்சிலின் பொதுக் கழிப்பறை, ரொய்லெற் ஒன்று இருந்தது. செலவைக் குறைப்பதாகச் சொல்லி அதை மூடினார்கள். அதன்பிறகு சாரதிகள் ஒவ்வொரு கடைக்காரனாகக் கெஞ்ச வேண்டியதாயிற்று. ஆண்கள் எப்படியோ சமாளித்தார்கள். றோஸ்மலர் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். எட்டு மாதத்தில் சிறுநீரகத்தில் கிருமி ஏறி, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தாள்.

மூடுவதற்கு முன்னால் கவுன்சில் மூன்று வாரம் ஊராரின் கருத்துக் கேட்டது. றோஸ்மலர் ஆட்சேபம் எழுதி அனுப்பினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மீண்டும் எழுதினாள். பதில் வரவில்லை. கூட்டங்களுக்குப் போய்க் கேட்டாள். "அது கட்சிக்குள்ளே தீர்மானிக்கிற விஷயம்" என்றார்கள். அப்படியானால் கட்சிக்குள்ளேயே வருகிறேன் என்று அங்கத்தவரானாள். ஒரு வருடத்துக்குள் வேட்பாளராக நிற்பதற்கு விண்ணப்பமும் போட்டாள்.

அவளுக்கு உதவ ஒரே ஒருவன்தான் முன்வந்தான். பவித்திரன், கட்சிக் கூட்டங்களில் பழக்கமான மலேசியத் தமிழன். பக்கத்து ஃபாரஸ்ட் கேட்டில் மனைவி பிள்ளையோடு இருப்பவன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணக்கியல் வேலை. எண் என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். அங்கத்தவர் பட்டியல் கட்சியிடமிருந்து கைக்கு வந்த அன்றே மடிக்கணினியோடு வந்துவிட்டான்.

"பாருங்க, அக்கா. சிவப்பு ஞானேஸ்வரன், நீலம் டெரிக், பச்சை நீங்க. உங்களுக்கு இப்ப உறுதியா பதினேழு பேர். மோசம் இல்ல. ஆனா ஒரே ஒரு விஷயம், டெரிக்கைத் தாக்காதீங்க. அவரு மூணாவதா வந்தா, அவரு ஆளுங்களோட ரெண்டாவது ஓட்டுதான் நம்மள காப்பாத்தும்."

"ரொய்லெற்றை மூடக் கை தூக்கினதே அவர்தானே, பவி."

"ஆமா, தெரியும். மேடையில சொல்லாம இருந்தா போதும்."

அவள் சிவப்புப் பெயர்களைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். "இதிலை பொம்பிளையள் எத்தினை பேர்?"

அவன் ஒரு பொத்தானைத் தட்டினான். "இருபத்தி மூணு."

"இவையோட ஆர் கதைச்சது?"

"வீட்டுக்காரங்ககிட்ட ஞானேஸ்வரன் பேசியிருப்பாரு."

"நான் கேட்டது இவையோட."

பவித்திரன் அந்த இருபத்துமூன்று பெயர்களையும் தனிப் பட்டியலாகப் பிரித்தெடுத்தான்.

ஷிப்ட் முடிந்து வந்து தினமும் பின்னேரம் நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை றோஸ்மலர் தொலைபேசி எடுத்தாள். மூன்றாவது அழைப்பிலேயே ஒரு பெரியவர் மிக மரியாதையாகக் கேட்டார்: "பிள்ளை ஊரிலை எவடம்?"

அந்தக் கேள்விக்குள் இருப்பது சாதி என்று யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. "குருநகர்" என்றாள்; கடற்றொழில் செய்பவர்களின் இடம். "ஆ... சரி, பாப்பம்" என்று அவர் வைத்துவிட்டார். அடுத்தடுத்த நாள்களில் நாலைந்து பேர் அதையே வேறுவிதமாகக் கேட்டார்கள். கடற்கரைப் பக்கமோ, எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயிலடி.

அருளானந்தம் சொன்னார்: "யாழ்ப்பாணம் ரவுண் எண்டு சொல்லுமன். பொய் இல்லைத்தானே."

"பொய் இல்லை. ஆனால் ஒளிக்கிறது" என்றாள் றோஸ்மலர். அன்றிலிருந்து கேட்க முதலே சொல்லத் தொடங்கினாள். "வணக்கம், நான் றோஸ்மலர். குருநகர். பஸ் ஓடுறன். உங்கட வாக்குக் கேட்டு எடுக்கிறன்." வைக்கிறவர்கள் உடனே வைத்தார்கள். மற்றவர்களோடு கதைக்க நேரம் மிச்சமாயிற்று.

பிறகு அந்த இருபத்துமூன்று பேர். கார்த்திகேசு என்பவரின் வீட்டுக்கு எடுத்தபோது அவரே பேசினார்.

"சிவகௌரி அக்காவோட கதைக்க வேணும்."

"அவ சமைக்கிறா. என்ன விஷயமெண்டு என்னட்டைச் சொல்லும்."

"விஷயம் அவவோடதான், ஐயா. அவவின்ர பேர்தான் லிஸ்ற்றிலை கிடக்கு. சமைச்சு முடிய எடுக்கிறன்."

"எங்கட வீட்டிலை எல்லாருக்கும் ஒரு முடிவுதான்."

"ஓம், ஐயா. அதை அவவிட்டையும் கேட்டிட்டு வைக்கிறன்."

இரண்டு முறை எடுத்தும் சமையல் முடியவில்லை. மூன்றாம் நாள் மனுஷன் கடைக்குப் போயிருக்க, சிவகௌரியே எடுத்தாள். குரல் மெல்லியதாக இருந்தது. தான் கட்சியில் அங்கத்தவர் என்பதே, தபாலில் அட்டை வந்தபோதுதான் அவளுக்குத் தெரியுமாம். றோஸ்மலர் வாக்குப் பேச்சை எடுக்கவேயில்லை. கடைத்தெருவுக்குப் போனால் அவசரத்துக்கு எங்கே போவீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

சிவகௌரி குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"எனக்கு டயபற்றிஸ், தங்கச்சி. போற நாளிலை காலமை தொட்டுத் தண்ணி குடிக்கிறேல்லை. மருந்துக் குளிசையைக்கூட வீட்டை வந்துதான் போடுறனான். இதை ஒருத்தரும் என்னட்டைக் கேட்டதில்லை."

இருபத்துமூன்று பேரில் பத்தொன்பது பேரை அவள் தொலைபேசியில் பிடித்துவிட்டாள். ஒருத்தி கடைத்தெருவில் உடுப்பு வாங்கப் போவதையே விட்டுவிட்டதாகச் சொன்னாள். இன்னொருத்தி, பேரப்பிள்ளையை அவசரத்துக்கு மரத்தடியில் நிற்க வைத்ததற்கு ஒருவன் ஏசியதைச் சொல்லி அழுதாள். ஒருவரும் வாக்குப் போடுவதாகச் சொல்லவில்லை. பவித்திரன் அவர்களை எந்த நிறத்தில் போடுவது என்று தெரியாமல் மஞ்சளில் போட்டான்.

வேட்பாளர் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்க, ஸூமில் முதல் விவாதம் நடந்தது. ஞானேஸ்வரன் வீடில்லாப் பிரச்சினை, சிறு வியாபாரம், குற்றச்செயல் என்று அளந்தெடுத்த ஆங்கிலத்தில் பேசினார். டெரிக் அனுபவத்தைப் பேசினார். றோஸ்மலர் தனக்குக் கிடைத்த மூன்று நிமிடத்தையும் ரொய்லெற்றுக்கே கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் சொன்னாள். யாரோ ஒலியை நிறுத்த மறந்து சிரித்தது எல்லோருக்கும் கேட்டது.

அடுத்த நாள் காலை தமிழர் வட்ஸ்அப் குழுமம் ஒன்றில், கொமோட்டில் கிரீடம் வைத்து அவளுடைய முகத்தை ஒட்டிய படம் ஒன்று வந்தது. கீழே "கக்கூஸ் ராணி" என்று எழுதியிருந்தது. வேலைக்கு நடுவில் அதைப் பார்த்தவள் பஸ்ஸைத் திருப்பும் இடத்தில் நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள்.  ஐம்பத்துநாலு வயதில், இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பிய பிறகு, இதுவும் வேணுமோ என்று ஒருகணம் நினைத்தாள்.

பவித்திரன் பதறிக்கொண்டு எடுத்தான். "அக்கா, டாப்பிக்கை மாத்திடலாம். வீட்டுப் பிரச்சினையைப் பேசுவோம். ஆளுங்க உங்களை ஒரு ஜோக்கா ஆக்கிடுவாங்க."

"பவி, அந்தப் படத்தைச் செய்தவன் ஆம்பிளை. அவனுக்கு ஒதுங்க ஒரு மதில் போதும். எனக்குப் போதாது. நான் இதை விட்டால், வெக்கப்பட வேண்டிய ஆள் நான் எண்டு ஒப்புக்கொண்ட மாதிரி. விடமாட்டன்."

அதே குழுமத்தில் அவள் ஒரு வரி மட்டும் எழுதினாள்: "ஓம், நான்தான். சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்து நேரிலை சிரியுங்கோ."

தேர்வுக் கூட்டம் நடக்கும் சனிக்கிழமை வந்தது. ஆரம்பப் பள்ளிக்கூட மண்டபம், சிறுபிள்ளைகளின் ஓவியங்கள் சுவர் முழுக்க. ஞானேஸ்வரனின் மினிபஸ் மூன்று தடவை வந்து ஆட்களை இறக்கியது. அந்த இருபத்துமூன்று பெண்களையும் கூட்டிவந்தது அவருடைய செலவில்தான். நல்ல சேலை கட்டி, கோட்டுப் போட்டு, ஆண்களுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். றோஸ்மலரை ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. 

கூட்டத்தை நடத்தியவள் சூசன் என்ற கட்சி அலுவலர். நாலு நிமிடப் பேச்சுகள் முடிந்து கேள்வி நேரம் வந்ததும், ஞானேஸ்வரனின் ஆள் ஒருவர் எழுந்தார். வீட்டுக்கு லட்டோடு வந்தபோது இருமியவர்தான். இங்கே இருமவில்லை.

"மிஸிஸ் றோஸ்மலருக்கு ஒரு கேள்வி. ரொய்லெற்றை மூடினது பிழையென்று சொல்கிறீர்கள். மூடுவதற்கு வாக்களித்தது யார் என்று இந்தச் சபைக்குச் சொல்ல முடியுமா?"

பின்வரிசையில் பவித்திரன் கண்ணை மூடிக்கொண்டான். நன்றாக வைத்த பொறி. டெரிக்கின் பெயரைச் சொன்னால் டெரிக்கின் ஆட்களுடைய இரண்டாம் வாக்குப் போகும். சொல்லாவிட்டால் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வரும்.

றோஸ்மலர் எழுந்தாள். அவளுடைய ஆங்கிலம் பஸ் டிப்போவில் பழகிய ஆங்கிலம். வளைவு நெளிவு கிடையாது.

"டெரிக் வாக்களித்தார்" என்றாள். மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. "அவருடைய பெயரை இங்கே சொல்லாதே என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஏனென்றால் டெரிக்குக்கு முதலாவதாகப் போடும் உங்களுடைய இரண்டாவது வாக்கு எனக்கு வேண்டும். வேண்டும்தான். அதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். டெரிக், நீங்கள் செய்தது பிழை. அது என்னை ஆஸ்பத்திரியில் படுக்கப்போட்டது."

டெரிக்கின் முகம் சிவந்தது.

"ஆனால் வாக்களித்ததை அவர் ஒளிக்கவில்லை. அது பதிவில் இருக்கிறது, அவருடைய பெயரோடு. மூடுவதற்கு முன் மூன்று வாரம் எங்கள் எல்லோரிடமும் கருத்துக் கேட்டார்கள். இது நான் எழுதிய ஆட்சேபம்." ஒரு தாளை உயர்த்திக் காட்டினாள். "மிஸ்டர் ஞானேஸ்வரன், உங்களுடைய அலுவலகம் அந்த ரொய்லெற்றிலிருந்து நாற்பது அடி. நீங்கள் எழுதியதைக் காட்டுங்கள்."

ஞானேஸ்வரன் எழுந்து, தனக்கு அந்த நேரம் வேறு பொறுப்புகள் இருந்ததாகச் சொல்லத் தொடங்கினார். சூசன் நேரம் முடிந்தது என்று மணியைத் தட்டினாள். அவர் நின்றபடியே இரண்டு வசனம் கூடப் பேசினார். ஒருவருக்கும் அது சரியாகக் கேட்கவில்லை.

வாக்குச்சீட்டுக் கொடுத்தார்கள். மறைப்பு ஒன்றும் இல்லை; மடியில் வைத்துத்தான் எழுத வேண்டும். நாலாவது வரிசையில் கார்த்திகேசு பின்னால் திரும்பி, மனைவியின் பக்கம் கையை நீட்டினார். "தாரும், நான் போட்டுத் தாறன்."

சிவகௌரி சீட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "ஊரிலை பதினாலு வருசம் கணக்குப் படிப்பிச்சனான். ஒண்டு, ரெண்டு, மூண்டு எழுத எனக்குத் தெரியும்."

மெல்லிய குரல்தான். ஆனால் மூன்று வரிசைக்குக் கேட்டது. எழுந்து போய் ஜன்னல் விளிம்பில் சீட்டை வைத்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினாள். இன்னும் இரண்டு பெண்கள் எழுந்து அதே ஜன்னலுக்குப் போனார்கள். பிறகு நாலைந்து பேர். கடைசியில் அங்கே வரிசையே நின்றது. ஞானேஸ்வரனின் ஆள் கதிரையை விட்டு எழப் பார்த்தார். சூசன் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

எண்ணி முடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. வந்திருந்தவர்கள் எண்பத்தேழு பேர். ஞானேஸ்வரனுக்கு முப்பத்துமூன்று. றோஸ்மலருக்கு இருபத்தெட்டு. டெரிக்குக்கு இருபத்தாறு. நாற்பத்தைந்து என்று சொன்ன பொக்கெற்றில் பன்னிரண்டைக் காணவில்லை.

டெரிக் நீக்கப்பட்டார். அவருடைய இருபத்தாறு சீட்டுகளையும் சூசன் மேசையில் பிரித்து அடுக்கினாள். இரண்டு சீட்டில் இரண்டாம் தெரிவே இல்லை. ஒன்பது ஞானேஸ்வரனுக்கு. பதினைந்து றோஸ்மலருக்கு. பவித்திரனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சூசன் சொல்லும் முன்னரே அவன் கூட்டிப் பார்த்து, தலையில் இரண்டு கையையும் வைத்தான். ஞானேஸ்வரனுக்கு நாற்பத்திரண்டு. றோஸ்மலருக்கு நாற்பத்துமூன்று.

ஞானேஸ்வரன் திரும்ப எண்ணச் சொன்னார். எண்ணினார்கள். அதேதான். டெரிக் எழுந்து வந்து றோஸ்மலருக்குக் கை கொடுத்தார். "நீ சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் முகத்துக்கு நேரே சொன்னாய்" என்றார். பெண்கள் மினிபஸ்ஸில் ஏறிப் போனார்கள். அவர்களில் யார் யாருக்குப் போட்டார்கள் என்று அவள் இன்றுவரை கேட்டதில்லை.

கதை அதோடு முடியவில்லை. ஜன்னலடியில் பெண்கள் கூடி நின்றது முறைகேடு, ஒருவரை ஒருவர் தூண்டினார்கள் என்று மேலிடத்துக்கு ஒரு முறைப்பாடு போனது. பத்து நாளில் பிராந்திய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி தொலைபேசி எடுத்தார். கட்சியின் ஒற்றுமைக்காக அவளாகவே மறுவாக்கெடுப்புக்குச் சம்மதித்தால் எல்லோருக்கும் நல்லதாயிருக்கும் என்று நயமாகச் சொன்னார்.

"சம்மதிக்க மாட்டேன்" என்றாள் றோஸ்மலர். "தங்கள் சீட்டைத் தாங்களே எழுதினார்கள் என்பதற்காக அந்தப் பெண்களைக் குற்றவாளிகளாக்க என் கையெழுத்து கிடையாது. நீங்களாக வைப்பதென்றால் வையுங்கள். நான் வருவேன், அவர்களும் வருவார்கள். இரண்டு நாள் முன்னதாக மட்டும் சொல்லுங்கள், ஷிப்ட் மாற்ற வேண்டும்."

மறுவாக்கெடுப்பு நடக்கவில்லை. முறைப்பாட்டில் சாரமில்லை என்று மூன்று வரிக் கடிதம் வந்தது.

வேட்பாளர் தெரிவானால் தோற்றவரும் சேர்ந்து பிரசாரம் செய்வது கட்சி வழக்கம். பங்குனி மாதத்து முதல் சனிக்கிழமை, துண்டுப்பிரசுரம் கொடுக்க எல்லோரும் பூங்கா வாசலில் கூடியபோது ஞானேஸ்வரனும் வந்திருந்தார். நல்ல கோட்டு, பளபளத்த சப்பாத்து. வராமல் விட்டால் ஊர் என்ன சொல்லும் என்பதற்காக வந்தாரோ, உண்மையாகவே வந்தாரோ தெரியாது.

"ஒரே ஒரு வாக்கு, தங்கச்சி" என்றார். குரலில் இன்னும் காயம் ஆறவில்லை.

"ஓம், அண்ணை. ஒண்டு போதும்."

அவள் தெருக்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டு வந்தாள். பவித்திரனுக்குக் கடைத்தெரு, அருளானந்தத்துக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம். ஞானேஸ்வரனிடம் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு, பூங்காவுக்கு அப்பால் நின்ற அடுக்குமாடியைக் காட்டினாள். எட்டு மாடி. லிப்ட் பழுதாகி ஆறு வாரம்.

அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஏலாதெண்டால் சொல்லுங்கோ, அண்ணை. நான் ஏறுறன், நீங்கள் கீழ்வீடுகளைப் பாருங்கோ."

"ஆர் ஏலாதெண்டது?" என்று ஞானேஸ்வரன் கட்டை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு நடந்தார். றோஸ்மலர் தன் கட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்து முதலாவது வீட்டு மணியை அடித்தாள்.